இது பழசுங்க, எப்பவோ எடுத்தது

எங்கள் வீட்டில் நான் அதிகம் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவேன். கணவர் நிமிர்ந்து பார்த்து, "இது புதுசா?" என்பார். நான் தலையை லேசாகச் சாய்த்து, கொசுவத்தைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டு, "இதுவா? இது பழசுங்க, எப்பவோ எடுத்தது" என்பேன். "ஓ" என்று சொல்லிவிட்டு அவர் இட்லியைச் சாப்பிடுவார். பாவம், எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷன்.

எனக்குத் திருச்சி ஜங்ஷன் பக்கம் வேலை, வீடு ஸ்ரீரங்கம். சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அது நேரே ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். நடுவில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பஸ் அங்கே நின்றதும் என் கால் தானாக இறங்கிவிடும். மேலதிகாரி திட்டியிருந்தால் மனசு ஆறட்டும் என்று இறங்குவேன். பாராட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். "சும்மா பார்த்துட்டுப் போவோம்" என்று கடைவீதிக்குள் நுழைவேன். சும்மா பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய பெண் யாராவது திருச்சியில் இருந்தால் சொல்லுங்கள், கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன். கடைப் பெண் ஒரு புடவையை உதறி என் தோளில் போட்டு, "உங்களுக்கு எடுப்பா இருக்குக்கா" என்றால் போதும், நான் காலி.

எடுத்த புடவை, சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒளிந்து வீட்டுக்கு வரும். கணவருக்குத் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை. நான் வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார். அதற்குள் புடவை கட்டிலுக்கு அடியில் உள்ள பெரிய சூட்கேஸுக்குள் போய்விடும். ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தி இதையெல்லாம் பார்ப்பாள். "அப்பா கேட்டா பழசுன்னு சொல்லிடுடி" என்று சின்ன வயதிலேயே அவளைப் பழக்கி வைத்திருந்தேன். அது எங்கள் இருவருக்குமான விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடச்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். போட்டிருந்த டாப்ஸை நானே பார்த்ததில்லை. அவள் அப்பா நிமிர்ந்து, "இது புதுசாம்மா?" என்றார். அவள் தலையை லேசாகச் சாய்த்து, துப்பட்டாவைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டு, "இதுவா? பழசுப்பா, எப்பவோ எடுத்தது" என்றாள். அவரும் "ஓ" என்றார். வாசல் தாண்டும்போது அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அவள் திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. வந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

"எப்படி வாங்கின இதை?"

"போன வாரம், ஆன்லைன்ல. பிறந்தநாளுக்கு மாமா குடுத்த காசு இருந்துச்சு."

"அப்பாகிட்ட ஏன் பொய் சொன்ன?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். "பொய்யா? நம்ம வீட்ல அப்படித்தானேம்மா சொல்லுவோம்?"

இன்னும் சில மாதங்களில் இவள் காலேஜ், ஹாஸ்டல் என்று போய்விடுவாள். அங்கிருந்து போனில் "நல்லா இருக்கேம்மா" என்று சொன்னால் அதை நான் எப்படி நம்புவேன்? உடம்பு முடியாவிட்டாலும், மனசு முடியாவிட்டாலும் இதே போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்லுவாளே. பயந்துவிட்டேன், அப்படி ஒரு பயம்.

யோசித்தால் தைரியம் போய்விடும் என்று உடனே சூட்கேஸைத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்து வந்தேன். "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டுத் திறந்து காட்டினேன். பாதிக்கு மேல் மயில் கழுத்துக் கலர். ஒவ்வொரு தடவையும் அதே கலரைத்தான் புதிதாகப் பார்க்கிற மாதிரி எடுத்திருக்கிறேன்! பெரும்பாலானவற்றில் ஜாக்கெட் பிட்டைக்கூட வெட்டவில்லை. கடையில் இருந்த ஆசை பஸ் ஏறியதும் தீர்ந்துபோயிருக்கிறது.

கணவர் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இதெல்லாம் பழசா, புதுசா?"

"எல்லாம் புதுசுங்க. இவ்வளவு நாளும் பொய் சொல்லியிருக்கேன்."

"நான் எப்பவாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கேனா?"

"இல்லைங்க."

"அப்புறம் ஏன்?"

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார், கொடுத்த காபியும் ஆறிப்போனது. மகள் உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு, அந்த டாப்ஸை எடுத்து வந்து புடவைக் குவியல் மேல் போட்டாள். "இதுவும்ப்பா" என்று பால்கனியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இருக்கிற புடவைக்கெல்லாம் ஜாக்கெட் தைத்து, கட்டி முடிக்கும்வரை புதிது கிடையாது. கட்டவே மாட்டேன் என்று தெரிந்தவற்றை நாத்தனாருக்கும் ஆபீஸ் தோழிகளுக்கும் கொடுத்தேன். மீதியைத் தூக்கிக்கொண்டு போனதும் எங்கள் தெரு டெய்லர், "என்னக்கா, வீட்ல கல்யாணமா?" என்றாள். மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்ததில்தான் ஒன்று தெரிந்தது: மொடமொடவென்று ஜரிகை போட்டதெல்லாம் பஸ் கூட்டத்தில் எனக்கு ஆகாது. மெல்லிய காட்டன்தான் என் உடம்புக்கு. அதிலும் இல்லாதது சந்தனக் கலர் ஒன்றுதான். அதை ஒரு சீட்டில் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன்.

சத்திரத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்த முதல் நாள் கண்டக்டரே பதறிவிட்டார். "என்னம்மா, சத்திரம் வந்துருச்சு, இறங்கலையா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் உயிர் வந்தது.

ஆடித் தள்ளுபடியில் ஒரு நாள் வழுக்கி விழுந்தேன். மறுபடியும் மயில் கழுத்து! பஸ்ஸில் சாப்பாட்டுப் பை மடியில் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அதில் வைக்கவில்லை. கடைப் பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து, கணவர் வரும்வரை மேஜை மேல் வைத்திருந்தேன். "புதுசுங்க, இன்னைக்குத்தான் எடுத்தேன்." அவர் பிரித்துப் பார்த்தார். "மறுபடியும் இதே கலரா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் மூவருமாகப் போய் அதைக் கொடுத்துவிட்டுச் சந்தனக் கலர் காட்டனை மாற்றி எடுத்து வந்தோம்.

அடுத்த வாரமே மகள் மதுரையில் ஹாஸ்டலுக்குப் போனாள். அவள் போன நாலாம் நாள் போன் செய்தேன். "நல்லா இருக்கியாடி?"

"நல்லா இருக்கேம்மா" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "இல்லம்மா. நல்லா இல்லை. யாரையும் பிடிக்கலை, அழுகையா வருது" என்று ஓவென்று அழுதாள்.

பெற்ற பெண் அழுகிறாள், எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. என்ன அம்மா நான்! மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் அவருமாக மதுரைக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

ஹாஸ்டல் வாசலுக்கு மயில் கழுத்துக் கலர் சுடிதாரில் ஓடி வந்தாள். கண் வீங்கியிருந்தது, முகம் சிரித்தது. அவள் அப்பா மேலும் கீழும் பார்த்து, "இது புதுசாம்மா?" என்றார்.

"பழசுப்பா. அம்மா புடவையில தைச்சது. எப்பவோ எடுத்தது."

அவர் இந்த முறை "ஓ" என்று சொல்லவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"நிஜமாத்தாங்க" என்றேன்.