மூடிக்கொண்ட வர்ணம்

மேபல் டீச்சர் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தார். அத்தனை வருடமும் அவரை ஆட்டிப்படைத்தது போட்டோ கொப்பி. எப்போதோ இந்தியாவிலிருந்து வந்த ஒரு புத்தகத்தின் கொப்பி, அந்தக் கொப்பியின் கொப்பி என்று போய், கடைசியில் பாதிச் சுரங்கள் புகையாகிவிட்டன. மீதித் தாள் பிள்ளைகள் வரும் புசல்லாவை பஸ்ஸில் பறந்துபோயிருக்கும். பரீட்சை நாளில் வந்து நின்று, "டீச்சர், எனக்கு அனுபல்லவி இல்ல" என்று ஒரு பிள்ளை கூசாமல் சொல்லும்.

ஓய்வுபெற்ற மறுமாதமே பிலிமத்தலாவையில் தன் வீட்டு முன்னறையில் ஒரு பதிப்பகம் தொடங்கினார். கர்நாடக சங்கீதப் புத்தகம் மட்டும் போடுகிற பதிப்பகம். பெயர் மலைநாதம். அதில் இருந்தவை ஒரு மேசை, ஒரு அலுமாரி, மேபல், அவர் கணவர் மரியநாயகம். மரியநாயகம் தபால் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். சங்கீதம் தெரியாது. தெரியாததை மறைக்கவும் தெரியாது.

முதல் புத்தகம் பத்து வர்ணங்கள். அக்குறணையில் அச்சகம் வைத்திருந்த ஹலீமிடம் மேபல் இரண்டே நிபந்தனை வைத்தார். ஒரு தாளும் கழரக்கூடாது. பக்கத்தின் இரண்டு ஓரத்திலும் பென்சிலால் எழுத இரண்டு விரல் இடம் விடவேண்டும்.

"இவ்வளவு தாள வீணாக்குறீங்களே டீச்சர்" என்று ஹலீம் முணுமுணுத்தார். ஆனால் கழரக்கூடாது என்றதில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைக்காரர்களின் கணக்குப் பேரேடுகளைத் தைத்தே பெயர் வாங்கிய மனிதர். யானை இழுத்தாலும் கழராதபடி முந்நூறு புத்தகத்தையும் தைத்துக் கொடுத்தார்.

அச்சுக்குப் போகுமுன் மேபல் பதினொரு தடவை பிழை திருத்தியிருந்தார். பதினொரு தடவையும் கதிரையில் உட்கார்ந்து, ஒரு கையில் பென்சில், மறு கையால் தாளை அமுக்கிக்கொண்டு.

சனிக்கிழமை கண்டியில் சங்கீத ஆசிரியர்களின் கூட்டம். புத்தகத்தைக் காட்ட மேபலுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் வகுப்புக்கு எடுத்துக்கொண்டால் பதிப்பகம் நிற்கும். இல்லாவிட்டால் முந்நூறும் அலுமாரிக்குள், மலைநாதமும் அதோடு சரி. வியாழக்கிழமை காலை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிடுவோம் என்று பாயில் அமர்ந்தார். வயலின் தலையை வலது காலில் ஊன்றி, புத்தகத்தை முன்னால் விரித்துவைத்து, வில்லை எடுத்தார்.

புத்தகம் படக்கென்று மூடிக்கொண்டது.

மறுபடி விரித்தார். மூடியது. மேலே அம்மிக் குழவியை வைத்தார், சுரம் மறைந்தது. கடைசியில் மரியநாயகம் எதிரில் குந்தி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார். சரணம் வரும்போது அவருக்கு முழங்கால் விட்டுப்போயிற்று.

"மேபல், புத்தகம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு புருசனையும் சேத்துக் குடுக்கப்போறியா?"

மேபலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கழரக்கூடாது என்று கேட்டது தான்தானே. அதற்கு யாரைக் குறை சொல்வது?

வயலினையும் ஒரு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு அக்குறணைக்குப் பஸ் ஏறினார். ஹலீம் முதலில் முறைத்தார். "கட்டுல என்ன பிழ ஈக்கி? சொல்லுங்க பாப்போம்."

"நான் சொல்லமாட்டேன், ஹலீம் நானா. கொஞ்சம் கீழ உக்காருங்க."

அச்சகத் தரையில் பழைய போஸ்டரை விரித்து உட்காரவைத்து, கையில் வயலினைக் கொடுத்து, எதிரில் புத்தகத்தைத் திறந்துவைத்தார். இரண்டு கையும் மாட்டிக்கொண்ட ஹலீமின் கண் முன்னே, அவர் தைத்த புத்தகம் அவர் முகத்திலேயே மூடியது.

"பேரேட்ட ஆரும் வாசிச்சுப் பாடுறல்லயே" என்றார் மெதுவாக.

பிறகு சுவரைப் பார்த்தார். அவர் அடித்த கலண்டர் அங்கே கம்பி வளையத்தில் தொங்கியது, மாதத் தாள்கள் பின்பக்கம் சுருண்டு பேசாமல் கிடந்தன. அந்த வளையத்தைப் புத்தகத்துக்குப் போட்டால்? ஆனால் அதற்குத் தையலோடு சேர்த்து முதுகை வெட்ட வேண்டும். வெட்டினால் வரியின் முதல் சுரம் போய்விடுமே. ஹலீம் அடிமட்டத்தை வைத்து அளந்தார். இரண்டு விரல் ஓரம். வெட்டவும் துளை போடவும் அளவாக இருந்தது.

"நான் வீணெண்டு சொன்ன எடம்" என்று ஹலீம் தலையைச் சொறிந்தார். அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க மேபல் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமைக்குள் நூறு புத்தகம்தான் முடிந்தது. கூட்டத்தில் முன்வரிசையில் அனற் மிஸ், யாழ்ப்பாணத்தவர், ஆசிரிய ஆலோசகர், லேசில் எதற்கும் தலையாட்டாதவர். மரியநாயகம் எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றார். மேபல் புத்தகத்தைத் தரையில் விரித்தார். அது கிடந்தது. ஒரு வர்ணம் முழுவதும் அப்படியே கிடந்தது. முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் வாசித்ததில்லை.

வாசித்து முடிந்ததும் அனற் மிஸ் எழுந்துவந்து, வேறு பக்கத்தைத் திறந்து, கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம், நல்லாயிருக்கு. எங்களுக்கு இந்த நூறும் காணாதே. ரெண்டாவது புத்தகம் எப்ப?"

ரெண்டாவதா? மேபல் அதை நினைக்கவே துணிந்திருக்கவில்லை. மரியநாயகத்தைப் பார்த்தார். அவர், "வேல நடக்குதுங்க" என்று தபால் கந்தோரில் வருகிறவர்களுக்குச் சொல்லிப் பழகிய பதிலைச் சொல்லிவிட்டார்.

இன்று மலைநாதத்தில் ஒன்பது புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பிரதியைக் கட்டி முடித்ததும், மிச்சத்தைக் கட்டுமுன், ஹலீம் கடைக்கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்காருவார். இன்றைக்கும் அவருக்கு ஒரு சுரம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மேபலின் வயலினைக் காலில் ஊன்றி, வில்லைப் பிடித்து, எதிரில் புத்தகம் விரிந்து கிடப்பதை ஒரு வர்ணத்துக்குரிய நேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான், "சரி டீச்சர், மத்ததையும் கட்டுவோம்" என்பார்.