முறுக்கு வேணுமா, சீடை வேணுமா?

தெருக்குழாய்க்குப் பின்னால் போய் நின்று, ஒருவன் காதில் ஒருவன் வாய் வைத்துப் பேர் வைத்துக்கொள்வோம். நான் முறுக்கு, அவன் சீடை. பிறகு தோளில் கை போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு கேப்டன்களுக்கு முன்னால் வந்து நிற்போம். "முறுக்கு வேணுமா, சீடை வேணுமா?" ஒரு கேப்டன் யோசித்துவிட்டு "சீடை" என்பான். அவன் அந்தப் பக்கம் போவான், நான் இந்தப் பக்கம் வருவேன். கிரிக்கெட்டுக்கு ஆள் பிரித்தாயிற்று. இப்படிப் பிரிப்பதற்கு எங்கள் தெருவில் உத்தி பிரிப்பது என்று பேர். சேர்ந்து வருகிற இருவரும் ஒருவருக்கொருவர் உத்தி. வில்லாபுரத்தில் நான் பந்து விளையாடிய அத்தனை வருஷமும் எனக்கு ஒரே உத்திதான், எதிர்வீட்டுக்காரன். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. நான் அவனை மாப்ள என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவனும் என்னை அப்படித்தான்.

உத்திக்கு ஒரு சட்டம் உண்டு. தனக்குச் சமமான ஆளோடுதான் வரவேண்டும். நன்றாக அடிக்கிற ஒருவன் ஒரு சொத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால், "போடா, போய்ச் சரியான ஆளக் கூட்டிட்டு வா" என்று விரட்டிவிடுவார்கள். ஆகவே விளையாட வருகிறவன் தன் லட்சணம் என்ன என்பதை முதலில் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதில் எங்களுக்குச் சிரமமே இருந்ததில்லை. தெருவிலேயே மட்டமான ஆட்டக்காரர்கள் நாங்கள் இருவரும்தான். என் மட்டையில் பந்து படுவது அபூர்வம், அவன் கையில் பந்து தங்குவது அதைவிட அபூர்வம். கடைசி உத்தியாக நாங்கள் வந்து நிற்கும்போது முறுக்கா சீடையா என்று எந்தக் கேப்டனும் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டான். "எது வந்தாலும் நட்டம்தான்டா" என்பான். ஆனாலும் ஒருவனை எடுத்தே ஆகவேண்டும், மற்றவனை அடுத்த கட்சி ஏற்றே ஆகவேண்டும். வேண்டாம் என்று சொல்லி ஒருவனை வீட்டுக்கு அனுப்ப அந்த ஆட்டத்தில் வழியே கிடையாது.

சமமானவர்களாகப் போனதால் நாங்கள் ஒருநாளும் ஒரே கட்சியில் ஆடியதில்லை. கண்மாய்க் கரையோரம் ஒரு பொட்டல் இருந்தது. கருவேல முள்ளில் குத்தி ரப்பர் பந்து உசிரை விடும்வரை அங்கே ஆட்டம் நடக்கும். ஒருநாள், எந்தச் சாமி புண்ணியமோ, நான் கண்ணை மூடிக்கொண்டு வீசிய வீச்சில் பந்து பறந்துபோய் அந்தக் கோடியில் இருந்த சாக்கடையில் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் அடித்த ஒரே சிக்ஸர். எதிர்க்கட்சியில் நின்ற அவன்தான் ஓடிப்போய்ச் சாக்கடையில் கையை விட்டு எடுத்தான். குழாயில் கழுவி, டவுசரில் துடைத்து, பந்து போடுகிறவன் கையில் கொடுக்கும்போது, "இந்தா, என் உத்தி அடிச்சது" என்றான். அவன் கட்சி அன்றைக்குத் தோற்றது. அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அவன் கேப்டன் அவனைத் தலையிலேயே தட்டினான்.

இருட்டியதும் மறுபடி தோளில் கை. கடைசி ஓவரில் ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா இல்லையா என்று வீடு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வருவோம். சண்டை முற்றினால் அவன் ஒரு சொல் வைத்திருந்தான்: "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் எப்படியும் ஜெயிச்சிருவோம்ல மாப்ள, விடு." அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் தெரு அகலம்தான். ஆனாலும் வெளியூர் போகிறவன் மாதிரி "வாரேன் மாப்ள" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவான்.

வளர்ந்த பிறகும் நாங்கள் உத்தியாகத்தான் இருந்தோம். அவனுக்குப் பஸ் டிப்போவில் வேலை, எனக்கு டயர் கடை. இருவரும் அதே தெருவில், அதே எதிரெதிர் வீட்டில். இருவருக்கும் ஒரே வயதில் மகன். அந்தப் பையன்கள் எங்களைப்போல் இல்லை, பந்து அவர்கள் கையில் தங்கியது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒருவனுக்கு ஒருவன் பந்தை எறிந்து பிடித்தே பழகினார்கள். பொட்டலில் அடுக்குமாடி வந்துவிட்டது. தெரு முழுக்கக் கார் நிற்கிறது, கண்ணாடியில் பட்டால் யார் பதில் சொல்வது? சுற்றுச்சாலைப் பக்கம் ஒரு அகாடமியில் இருவரையும் சேர்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வலை கட்டிய மைதானம், விளக்கு, வெள்ளைக் கால்காப்பு, முதுகில் நம்பர் போட்ட சட்டை. முதல் நாள் அந்தச் சட்டையில் இரண்டு பேரையும் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துபோனது. இருவரும் ஒரே கட்சி!

கோச் நல்ல மனிதர்தான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இரண்டு பையன்களையும் விக்கெட் கீப்பராகத் தயார் செய்தார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சார், பிரிச்சே பார்க்க முடியல" என்று ஒருநாள் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டு நானும் அவனும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டோம். எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு பையனைப் பற்றி அதைவிட நல்ல வார்த்தை கிடையாது.

போட்டிக்கு அணி எடுத்த அன்றைக்கு அதே கோச், "டீமுக்கு ஒரு கீப்பர்தான் சார் வேணும்" என்றார். என் மகன் கொஞ்சம் உயரம், அதனால் அவனை எடுத்தார். சமமாக இரண்டு பேர் வந்து நின்றால் ஆளுக்கு ஒரு பக்கம் போவார்கள் என்றே பழகியவன் நான். ஒருவனுக்கு எந்தப் பக்கமும் இல்லை என்பது மண்டையில் ஏறவே நேரம் பிடித்தது. ஏறுவதற்குள் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் என் உத்தி தன் மகனின் பையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டிருந்தான். பையன் பின்னால் ஏறி உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் ஜெயிச்சுட்டோம்ல மாப்ள" என்றான் அவன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்ட பிறகு சொன்னதால் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

அவன் மகன் அகாடமிக்கு வருவதை நிறுத்திவிட்டான், டியூஷன் போகிறான். என் மகன் ஆடுகிறான். ஆடுகிறான் என்று சொல்வதா? பந்து கையிலிருந்து நழுவினால் முதலில் கோச்சைப் பார்ப்பான், பிறகு கம்பி வலைக்கு வெளியே நிற்கிற என்னைப் பார்ப்பான். நாங்கள் கேட்ச் விட்டால் "கையில வெண்ணெயாடா வச்சிருக்க" என்று தெருவே ஏசும், அடுத்த பந்தில் மறந்துவிடும். இங்கே ஒருவரும் ஏசுவதில்லை, ஒருவரும் மறப்பதும் இல்லை. ஒருநாள் வண்டியில் வரும்போது உத்தி என்றால் என்ன என்று அவனுக்கு விளக்கி, "இப்ப உனக்கு உத்தி யாருடா?" என்று கேட்டேன். "அப்படி யாரும் இல்லப்பா. என் இடத்துக்கு வர்றதுக்கு ரெண்டு பேரு இருக்காங்க, அம்புட்டுதான்" என்றான். அவன் வருத்தப்பட்டுச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன் கையில் ஒரு டென்னிஸ் பந்தோடு எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறான். "வாடா, மாடியில கேட்ச் போடுவோம்." என் மகன் படியிலேயே நின்றான். "இந்தப் பந்துல ஆடக் கூடாதுன்னு கோச் சொல்லியிருக்காரு. கை பழக்கம் கெட்டுருமாம்." நான் பதறிப்போய், "போடா, கொஞ்ச நேரந்தான" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "டீம்ல இருந்து எடுத்துட்டா நீங்கதாம்ப்பா வருத்தப்படுவீங்க." பையன் பந்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே தெருவைத் தாண்டிப் போனான். எதிர்வாசலில் நின்று அவன் அப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

போய் அவன் தோளில் கை போடவேண்டும் என்றுதான் இருந்தது. போட்டுக்கொண்டு எங்கே போவது? முறுக்கு வேணுமா, சீடை வேணுமா என்று யார் முன்னால் போய் நிற்பது? கேட்டால் இரண்டையும் வாங்கிக்கொள்கிற இடம் எதுவும் இப்போது இல்லை. நான் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அவன் மகனை உள்ளே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தான்.

"போறேன் மாப்ள" என்றான்.

இத்தனை வருஷத்தில் வாரேன் என்று சொல்லாமல் அவன் அந்தக் கதவைச் சாத்தியதில்லை.