அமலா அடுக்கிய கையேடு

இல்லவே இல்லை. அமலாவைச் சபைக்காரர்கள் துரத்தவுமில்லை, அவள் எவனோடும் ஓடவுமில்லை. குழாயடிக்கு ஒரு கதை, டீக்கடைக்கு ஒரு கதை என்று பேசுகிற கோலியனூர் வாய்கள், நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

திண்டிவனத்தில் பைண்டிங் கடையில் தாள் அடுக்குகிறவள் அமலா. புருஷன் செத்தபோது பெட்டியைத் தூக்கியவர்கள் நித்திய நெறிச் சபைக்காரர்கள்தான். அன்றிலிருந்து அங்கே மூப்பர் துரைக்கண்ணு சொன்னதே அவளுக்குச் சத்தியம்.

போன வருஷம் மூப்பர் சபைக்கென்று ஒரு கையேடு எழுதினார். அடுக்கித் தைக்கும் வேலை அமலாவிடம் வந்தது. 'விலக்க வேண்டியவை' என்ற தலைப்புக்கு ஒரு தாள், அதன் பட்டியலுக்கு ஒரு தாள். 'நாள்தோறும் செய்ய வேண்டியவை' என்பதற்கும் அப்படியே. சத்தியத்துக்கு முதலும் முடிவும் கிடையாது என்று பக்க எண் போட மூப்பர் சம்மதிக்கவில்லை.

கையேடு வந்த வாரமே சபை தலைகீழானது. நாள்தோறும் செய்ய வேண்டியவற்றில் டிவி சீரியல், சீட்டாட்டம், அக்கம்பக்கத்துச் சண்டை என்று இருந்தது. சீரியல் என்றாலே முகம் சுளித்த ஜனங்கள், பாயில் வரிசையாக உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தினம் இரண்டு பார்த்தார்கள். செல்வகுமார் என்று ஒரு சாது. சண்டைபோட ஆள் அகப்படாமல், பக்கத்து வீட்டுக் கோழியைத் திட்டிக் கடமையை முடித்தான். விலக்க வேண்டியவற்றில் பெற்றோரைப் பார்ப்பது, நோயாளிக்குத் துணையிருப்பது, பசித்தவனுக்குச் சோறு போடுவது. ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு கஷ்டமாக இருந்தால் அது சத்தியமாகத்தான் இருக்கும் என்றார்கள்.

அமலாவும் அப்படித்தான் நம்பினாள். பிறந்த ஊரான கோலியனூரில் அவள் அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். வாய் குழறக் குழறப் போனில் கூப்பிடுவாள். இவள் அழுதுகொண்டே துண்டிப்பாள். ஏழு மாதம்.

பிறகு ஒரு நாள், கடையில் பழைய தாள்களை ஒழிக்கும்போது மூப்பர் கைப்பட எழுதிய பிரதி அகப்பட்டது. கையேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பட்டியல்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. மாற்றி அடுக்கியது அவள் கைதான்.

சாயங்காலமே பிரதியோடு சபைக்குப் போனாள். எல்லாரும் சீரியலுக்குக் காத்திருந்தார்கள். மூப்பர் தன் எழுத்தைத் தானே நெடுநேரம் பார்த்தார்.

"நானும் வேற மாதிரி எழுதின ஞாபகந்தாம்மா. அச்சுல மாறி வந்துச்சு. மனுஷன் எழுத்தை ஆண்டவர் திருத்திட்டாருன்னு வச்சிக்கினேன்."

"திருத்தினது அவரு இல்லீங்கய்யா, நான்தான். அன்னிக்கு எனக்குத் தலைவலி."

"அந்தத் தலைவலிய குடுத்தது யாரு?"

அமலாவுக்குச் சிரிப்பு முட்டியது. தலைவலியோடு அடுக்கினது சத்தியம் என்றால், தலைவலி இல்லாமல் அடுக்கியிருந்தால் அது என்ன?

"அப்ப எங்கம்மாவ நான் போய்ப் பாக்கலாங்களா?"

மூப்பர் கையேட்டைப் புரட்டினார். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "விலக்குன்னு போட்டிருக்கேம்மா" என்றார்.

இந்த ஜனங்களை விட்டால் திண்டிவனத்தில் அவளுக்கு நாதியில்லை. அது தெரிந்துதான் எழுந்தாள். டிவியை மறைக்கிறாள் என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அமலா ஒதுங்கி வழிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். வந்துக்கினு இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே, கோலியனூர் போக விழுப்புரம் பஸ்ஸுக்கு நடந்தாள்.