குழியில் ஊறுவது தண்ணீரில் சேருமா

அம்மா போன பிறகு அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம் வந்துவிட்டது. இடி இடித்தால் பயம், கேஸ் அடுப்பைப் பார்த்தால் பயம். முப்பதாம் நாள் படையல் முடிந்த மறுநாள் என்னிடம் சொன்னார்: "தறிக்கு இன்சூரன்ஸ் போட்டுடலாம்மா. அது போச்சுன்னா நமக்கு இன்னா இருக்குது?"

எங்களுக்கென்று இருப்பது அந்த ஒரு தறிதான். வீடு வாடகை வீடு. எட்டாவதோடு படிப்பை விட்ட நாளிலிருந்து நானும் அம்மாவும் மாற்றி மாற்றி அதில் உட்கார்ந்தோம். இப்போது நான் மட்டும்.

ஏனாத்தூரில் வாடகைக்கு இருக்கும் சித்தி, தன் வீட்டுச் சாமான்களுக்கு ஏற்கெனவே போட்டிருந்தாள். அவளுக்குப் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் அண்ணனையே வரச் சொன்னேன்.

"செவுரு, கூரை எல்லாம் வூட்டுக்காரரு பாடு. உள்ள இருக்கிறதுக்கு மட்டும் நீங்க போட்டா போதும்மா" என்றார். செல்போனில் எங்கள் தெருவைப் போட்டுப் பார்த்தார். சித்தி கட்டியதைப் போல இரண்டு பங்கு வந்தது.

"இன்னாண்ணா இது? அங்க பெய்ற மழதானே இங்கயும் பெய்யுது?"

"மழ ஒண்ணுதாம்மா. நிக்கிற எடம் வேற. உங்க சித்தி வூடு மேட்டுல இருக்குது, நீங்க வேகவதி ஆத்து ஓரமா இருக்கீங்க. மெட்ராஸ்ல ஏரிய ஒட்டி இருக்கிறவங்களுக்குக் கேட்டா உங்களுக்கு மயக்கமே வரும். ஊருக்கு ஊரு, தெருவுக்குத் தெரு ரேட்டு மாறும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வூட்டுக்குள்ள எப்பனா தண்ணி வந்துருக்குதா? வரலன்னா கொறைச்சுப் போடலாம்."

"நான் பொறந்ததே இந்த வூட்லதான். ஒரு சொட்டு வந்தது இல்ல."

கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன். அப்பாவும் தலையாட்டினார். ரேட்டு குறைந்தது. அன்றைக்கே கட்டிவிட்டோம்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை தறியில் உட்கார்ந்தேன். எங்கள் தறி குழித்தறி. தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். காலை இறக்கினேன், சில்லென்று இருந்தது. கெண்டைக்கால் வரைக்கும் தண்ணீர். மிதிகட்டை மிதந்துகொண்டிருந்தது.

நான் போட்ட சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்கா கத்துன? மொண்டு ஊத்துடி. உங்கம்மா விடியறதுக்குள்ள முடிச்சிருப்பா."

"அம்மாவா?"

"பின்ன, நீயா? மழ வந்தா தெனமும் பக்கெட்டத் தூக்கினு வெளிய வருவா. ஒனக்குத் தெரியாதா?"

"யாரும் சொல்லலக்கா."

"இதப் போயி யாருடி சொல்லுவாங்க? எல்லா வூட்டுக் குழியிலயும்தான் ஊறுது."

எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் நான் எழுந்திருக்கும்போது அம்மாவின் புடவை முழங்கால் வரை நனைந்திருக்கும். வாசல் தெளித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். மழை பெய்கிற நாளில் யார் வாசல் தெளிப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மொண்டுகொண்டே அழுதேன். அக்கா இன்னொரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் ஏஜென்டிடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது. அப்பாவைக் கேட்டேன்.

"குழியில தண்ணி ஊறுறது உனுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும். குழியில ஊறுறதெல்லாம் தண்ணி வந்த கணக்காம்மா? வாசப்படி ஏறி வந்தாத்தான் தண்ணி."

"நாளைக்கி தறியில பாவு நூலு நனைஞ்சு போயி அவங்க வந்து பார்த்தா? சொட்டு வரலன்னு நான்தானே சொன்னேன்? ஒண்ணும் தர மாட்டாங்க."

"சொன்னா ரேட்டு ஏத்துவான்."

"ஏத்தட்டும். தறிக்குன்னுதானே போட்டோம்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஏஜென்டுக்கு போன் போட்டேன். அவர் முதலில், "போட்டாச்சு, வுடும்மா" என்றார். நான் விடவில்லை. மத்தியானம் வண்டியில் வந்து குழியை எட்டிப் பார்த்தார். மண் சுவரில் ஈரம் ஏறியிருந்த இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"இத முன்னாடியே சொல்லிருக்கணும். வருசா வருசம் வருதா?"

"வருது."

"எந்த வருசத்துலேர்ந்து? இங்க போடணும்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவள் இப்போது இல்லை. அப்பா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவ கல்யாணமாயி இந்த வூட்டுக்கு வந்த வருசத்துலேர்ந்து போட்டுக்கோப்பா. வந்த மொத மழையிலயே பக்கெட்டு வாங்கிக் குடுன்னு கேட்டா."

ஏஜென்ட் அது எந்த வருஷம் என்று கேட்டுப் போட்டுக்கொண்டார். ரேட்டு முதலில் சொன்னதையும் தாண்டி ஏறியது. நான் பேரம் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை.