சுவரில் ஏறிய முருகன்

எங்கள் வீட்டு முருகன் படம் சுவரில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு எட்டு வயது இருக்கும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஒரு மளிகைக் கடையின் மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். சில நாள் காலையில் கண் விழித்தால் முருகன் நேற்று இருந்த இடத்தில் இருக்கமாட்டார். பழைய ஆணியின் ஓட்டை மட்டும் சுவரில் தெரியும். அவர் அதற்கு நாலு விரற்கடை மேலே, மயிலோடு சிரித்துக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டால் அப்பா, "அவருக்குக் காத்து வேணுமாம்லா" என்பார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாவின் வலது தோள். குளிக்குமிடத்தில் வழுக்கி விழுந்து தோளருகே எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், பிறகு பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனிமேல் கையை ஆட்டி அசைத்து வேலை செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் யார் கேட்டார்கள்? அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்து, பழைய வேட்டியைக் கிழித்து அம்மாவின் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுவார். ஒரு டம்ளரைக்கூடத் தூக்க விடமாட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு சோறும் குழம்பும் கொண்டுவந்தார்கள். எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு பாசத்தைக் காட்டியதில் தோள் இறுகிப்போய், அம்மாவின் கை மார்புக்கு மேலே வர மறுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் வாராவாரம் ஆஸ்பத்திரி. அங்கே தங்க வேண்டியதில்லை. காலையில் பஸ்ஸில் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எனக்குப் பிற்பகல் பள்ளி என்பதால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். ஆஸ்பத்திரி என்றால் ஊசியும் கசப்புத் தண்ணீரும் என்று நினைத்திருந்த எனக்கு அந்த அறையைப் பார்த்ததும் குழம்பிவிட்டது. அங்கே மருந்தே இல்லை. சின்னச் சின்னப் படிகள் செதுக்கிய ஒரு மரப்பலகை சுவரில் நின்றது. அம்மா தன் விரல்களால் அதில் ஏற வேண்டும். கூரையிலிருந்து கயிறும் கப்பியும் தொங்கின. நல்ல கை ஒரு நுனியைக் கீழே இழுத்தால், மறுநுனியைப் பிடித்திருக்கும் கெட்ட கை மேலே போகும். தாடி வைத்த ஒரு சீக்கியக் காவல்காரர் காலில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைத் தூக்கித் தூக்கி இறக்குவார். பெரியவர்கள் எல்லோரும் இப்படி விளையாடிக்கொண்டு, கூடவே முகத்தைச் சுளித்துக்கொண்டும் இருந்தார்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சீன மிஸ்ஸி, அதாவது நர்ஸ். வெள்ளைச் சட்டை, மெல்லிய கைகள். ஆனால் பிடி இரும்புதான். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் கடைத்தெரு மலாய் மட்டுமே. மிஸ்ஸி அம்மாவின் கையைப் பிடித்து உயர்த்தியதும் அம்மா, "சாக்கிட்! சாக்கிட்!" என்று வலியில் கத்துவாள்.

"பாகூஸ்," என்பார் மிஸ்ஸி. நல்லது என்று அர்த்தம்.

வலித்தால் நல்லது என்று சொல்லும் ஆஸ்பத்திரியை என் ஜென்மத்தில் கேள்விப்பட்டதில்லை. அந்த மிஸ்ஸியை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவருக்கு அம்மா மேல் என்ன கோபம் என்று பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வருவேன்.

ஒருநாள் அப்பா கிடங்கில் லீவு சொல்லிவிட்டு எங்களோடு வந்தார். இங்கே செய்வது மட்டும் போதாது, வீட்டிலும் தினமும் எதையாவது எட்டி எடுக்க வேண்டும், அது போகப்போகக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும் என்று மிஸ்ஸி அவரிடம் சொன்னார். அப்பா காப்பித்தூள் டின்னை மேல்தட்டில் வைத்துப் பார்த்தார். அம்மா இடது கையால் எடுத்துவிட்டாள். உப்பு ஜாடிக்கும் அதே கதி. அப்பாவுக்கு யோசனை வந்தது அப்போதுதான். எதற்கு இடது கையை நீட்டினாலும், சாமிக்குப் பூ வைக்க அம்மா இடது கையை நீட்டவேமாட்டாள். அன்றிலிருந்து முருகன் மேலே போக ஆரம்பித்தார். இந்த விவரமெல்லாம் வெகுகாலம் கழித்து அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், முருகன் எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்பதுதான்.

அத்தை கொதித்துப்போனார். "சாமியை இடம் மாத்தி விளையாடுறதுக்கு இது என்ன பொம்மையா தம்பி? அங்க என்னடான்னா கையைப் பிடிச்சு முறுக்குறாளுங்க. பேசாம இவள ஊருக்கு அனுப்பு. நாகப்பட்டணத்துல அவ அக்கா இருக்கால்ல? எண்ணெய் போட்டு நீவிக் கட்டினா கை தானா எந்திரிக்கும்."

அப்பா முதலில் மறுத்தார். பிறகு, அடுத்த கப்பலுக்குள் கை மேலே போகாவிட்டால் அனுப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டார். அம்மா மட்டும் போவாள். நான் அத்தை வீட்டில் இருக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என்னை முழுக்கக் குழப்பிய காரியம் நடந்தது. பள்ளி இல்லாத ஒரு மத்தியானம் கடைக்குப் போய்விட்டு மாடியேறி வந்தேன். அம்மா தனியாக இருந்தாள். வலது கையை நேராக உயர்த்தி, படத்தின் உச்சியில் மல்லிகைச் சரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். முனகல்கூட இல்லை. என்னைக் கவனிக்காமல் சரத்தை எடுத்துத் திரும்பக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள். சாயங்காலம் அப்பா வந்து, "எங்க, போட்டுக் காட்டு" என்றபோது அதே கை கன்னத்தருகே வந்து நின்றுவிட்டது.

"முடியலங்க. வலிக்குது."

மத்தியானம் போன கை சாயங்காலம் ஏன் போகவில்லை? ராத்திரிச் சாப்பாட்டின்போது யோசித்து, முருகன்தான் மத்தியானத்தில் கொஞ்சம் குனிந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

டிக்கெட் எடுக்கப் போகும் நாளும் வந்தது. அப்பா சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். நான் பூவைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் கீழே போய் நின்றேன். "முருகா, அன்னிக்கு மாதிரி இன்னொரு தடவ குனிஞ்சிடு. எங்கம்மா கப்பல்ல போகக் கூடாது" என்று வாய்விட்டே கேட்டேன். சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னிடமிருந்து பூவை வாங்கி, உச்சி ஆணிக்கு மேலே வலது கையால் செருகினாள்.

அப்பா பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். மிஸ்ஸியைப் புகழ்ந்தார், முருகனைப் புகழ்ந்தார், தன் மூளையைக் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்ந்துகொண்டார். அத்தைக்குச் செய்தி சொல்ல அந்தச் சட்டையோடேயே ஓடினார்.

அவர் போனதும் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தாள். உள்ளே நான் பார்த்தேயிராத சாமான்கள்: வாசனைச் சோப்புகள், ஒரு கறுப்புக் குடை, மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. யாருக்கு என்று கேட்டேன்.

"உங்க பெரியம்மாவுக்கு."

கல்யாணமாகிக் கப்பலேறி வந்ததிலிருந்து அம்மா தன் அக்காவைப் பார்த்ததில்லை. எங்கள் வீடுகளில் ஒரு பெண்ணைக் கப்பலேற்ற, உடம்பு சரியில்லை என்பதைப் போன்ற பெரிய காரணம் ஏதாவது வேண்டும். அக்காவைப் பார்க்க ஆசை என்பதையெல்லாம் காரணமாக யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? எனக்கு ஒரு சோப்பைக் கொடுத்தாள். சேலையை அத்தைக்கென்று தனியே எடுத்துவைத்தாள். வைக்கும்போது அழுதாள். கை சரியான அன்றைக்குப் போய் யாராவது அழுவார்களா?

"தோள் வலிக்குதாம்மா?"

"ஆமா."

நான் ஓடிப்போய்த் தைலப் புட்டியைக் கொண்டுவந்து, அவள் தோளில் பரபரவென்று தேய்த்துவிட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தேய் என்றாள். எங்கே வலிக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.