பள்ளிப் பிள்ளைகளுக்கு முதியோர் விருந்து

லியாவ் பெய்ஜுன், தைவானின் ஜியாயி நகருக்குப் பக்கத்து நகராட்சி ஒன்றில் கணினி நிரல் எழுதுகிறவள். முதியோர் விருந்துக்கான அழைப்பு நண்பகலில் கைபேசிகளுக்குப் போக வேண்டும். வயதில் மூத்தவர்களுக்கே முதலில் இடம்.

சோதனைக்கு ஓட்டியதைப் பார்த்த சக ஊழியை ஷூயிங் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணுக்கு நூத்திநாலு வயசாம்! மண்டபம் பூரா பள்ளிக்கூடப் பிள்ளைங்கதான். கிழவங்க வாசல்ல நிக்கணும் போல."

பெய்ஜுன் நிரலைத் திறந்து பார்த்தாள். பிறந்த தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுக்க அவள் எழுதிய வரி, முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் எடுத்தது. தைவானில் 1912தான் குடியரசு ஆண்டு 1. ஆண்டு 106இல், அதாவது 2017இல், பிறந்த குழந்தை நிரலின் கணக்கில் 10இல் பிறந்தவள். பெய்ஜுன் தன் பிறந்த ஆண்டான 68ஐ மட்டுமே வைத்துச் சோதித்திருந்தாள்.

106.3.5 போன்ற தேதியில் முதல் புள்ளி வரை உள்ளதெல்லாம் ஆண்டு என்று மாற்றி ஓட்டினாள். பட்டியலிலிருந்து குழந்தைகள் எல்லோரும் மறைந்து, 13இல் பிறந்த நூற்றொரு வயது கோ தாத்தா முதலில் வந்து நின்றார்.

உறுதி செய்துகொள்ள அவரையே அழைத்தாள்.

"விருந்துக்கு வர்றீங்கதானே தாத்தா?"

"ஆயுசு கூடும்னு பெரியவங்களுக்குப் போடுற பன்னிக்கால் சேமியா உண்டாம்மா?"

"இல்லாமலா தாத்தா!"

"அப்போ நான் எதுக்கு வராம இருக்கப்போறேன்?"