கைப்பைக்குள் இருந்த அதிகாரி

1. சந்தனம் பூசிய பாஸ்புக்

வங்கி வேலையில் இருந்த காலத்தில் என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தவர்கள் நிறையப் பேர். சேவைக் கட்டணம் வெட்டுகிற மாதங்களில் அது வழமை. ஆனால் நான் உண்மையிலேயே கள்ளன் என்று மனதார நம்பிக்கொண்டு, எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் பரமேஸ்வரி அக்கா ஒருவர்தான்.

அப்போது நான் கொழும்பு வெள்ளவத்தைக் கிளையில் உதவி முகாமையாளர். இப்போது ஓய்வு பெற்றுப் பாமன்கடையில் வீட்டோடு இருக்கிறேன். வீட்டில் எனக்கு அந்த உதவிப் பதவிகூட இல்லை. புதிதாகக் கவுண்டரில் உட்காரும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கிளையில் மோசடி விழிப்புணர்வுக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தலைமை அலுவலகம் அனுப்பும் போஸ்டரைச் சுவரில் ஒட்ட வேண்டும். ‘போனுக்கு வரும் ரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்ல வேண்டாம்’ என்று மூன்று மொழியிலும் அச்சடித்த அழகான போஸ்டர். நான் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, சாய்வு பார்த்து ஒட்டினேன். அடியில் இருந்த தமிழ் வரி தீயணைப்புக் கருவிக்குப் பின்னால் போய்விட்டது. ஊர் தமிழர் நிறைந்த வெள்ளவத்தை, மறைந்தது தமிழ் வரி, ஒட்டியவன் நான். அந்த வருடம் விழிப்புணர்வுக்காக எனக்கு ஒரு சான்றிதழும் தந்தார்கள்.

பரமேஸ்வரி அக்கா கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீட்டில் தனியாக இருந்தார். மகள் மெல்பேர்னில். கணவர் அரசாங்க உத்தியோகத்தர், முந்தைய வருடம் காலமாகியிருந்தார். அவர் விட்டுப்போன பணம் முழுவதும் எங்கள் கிளையில் நிலையான வைப்பாக, எங்கள் பாசையில் எஃப்.டி.யாக, இருந்தது. மாதா மாதம் வரும் வட்டிதான் அக்காவின் சாப்பாடும் மருந்தும் கரண்ட் பில்லும். வேறு வருமானம் கிடையாது.

அவருக்கும் எனக்கும் ஒரு நீண்டகால வழக்கு இருந்தது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பாஸ்புக்கைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய், சாமியின் காலடியில் வைத்து, முதல் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு நேரே வங்கிக்கு வருவார். அதைப் பாஸ்புக் பிரிண்டருக்குள் விட்டால் கிளை முழுக்கக் கோயில் மணக்கும். பிறகு பிரிண்டர் நின்றுவிடும்.

“அக்கா, இது மெசின். சாமியறை இல்லை. எத்தனை தரம் சொன்னனான்?” என்று எரிந்து விழுவேன்.

“சரி தம்பி, இனிப் பூசேல்லை” என்பார். அடுத்த மாதம் திருநீறும் சேர்ந்திருக்கும்.

2. கைப்பை இருமியது

அன்று அக்கா வழக்கமான கவுண்டருக்குப் போகவில்லை. நேரே என் மேசைக்கு வந்தார். மடியில் கைப்பை, அதன் சிப் திறந்திருந்தது.

“எஃப்.டி.யை உடைக்க வேணும். முழுக்க. இண்டைக்கே.”

“என்னத்துக்கு அக்கா? இப்ப உடைச்சால் வட்டி போயிடுமே.”

“மகளுக்கு மெல்பேர்னில வீடு வாங்க.”

பரிசளிப்பு விழாவில் பேச்சு மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல் சொன்னார். காசு போக வேண்டிய கணக்கின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அது உள்ளூர்க் கணக்கு. பெயரும் மகளுடையது இல்லை.

“ஆராவது போன்ல சொல்லித் தந்தவையோ?” என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது, ஒரு வெற்றிச் சிரிப்பும் இருந்தது. ‘நீ இப்படித்தான் கேட்பாய் என்று எனக்கு முன்னமே தெரியும்’ என்கிற சிரிப்பு. “ஒருத்தரும் சொல்லேல்லை” என்றார்.

அப்போதுதான் கைப்பை இருமியது.

அக்கா குனிந்து, “நிக்கிறன் தம்பி, நிக்கிறன்” என்று பைக்குள் முணுமுணுத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவருடைய போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். உள்ளே ஒருவன் லைனில் இருந்துகொண்டு நாங்கள் கதைப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

விளங்கி என்ன செய்வது? ‘அவன் கள்ளன்’ என்று சொன்னால் அக்கா நம்பப் போவதில்லை. ஏன் என்று பிறகு அவரே சொன்னார். காலையில் போன் எடுத்தவன் தன்னை எங்கள் தலைமை அலுவலக அதிகாரி என்று அறிமுகப்படுத்தியிருக்கிறான். “அன்ரி, உங்கட கிளையில இருக்கிற ஆக்களே உங்கட காசில கை வைக்கப் பாக்கினம். நாங்கள் ரகசியமா விசாரிக்கிறம். உடனே பாதுகாப்பான கணக்குக்கு மாத்துங்கோ. மகளுக்கும் சொல்லாதேங்கோ. கிளைக்காரங்கள் உங்களைக் குறுக்குக் கேள்வி கேப்பாங்கள், மகளுக்கு வீடு வாங்க எண்டு சொல்லுங்கோ.” நானும் அப்படியே குறுக்குக் கேள்வி கேட்டிருந்தேன். அவனுக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மறுக்கவும் வழியில்லை. அது அக்காவின் காசு. எழுத்தில் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். நான் விடாப்பிடியாக நின்றால் எழும்பி வேறு கிளைக்குப் போவார். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

3. என்னுடைய ஒரேயொரு திறமை

சேவைக் காலம் முழுவதும் வாடிக்கையாளர்கள் என்மீது சொன்ன குறை ஒன்றே ஒன்று: இந்த மனுசன் சுணக்குகிறான், எதையும் இழுத்தடிக்கிறான். பதவி உயர்வு நேர்முகங்களில் மேலதிகாரிகளும் அதையே சொன்னார்கள். அன்று, அந்தத் திறமை முழுவதையும் மேசையில் பரப்பினேன்.

“செய்யலாம் அக்கா, பிரச்சினையில்லை. ஐடென்ரிட்டி கார்ட்டை ரெண்டு பக்கமும் போட்டோகொப்பி எடுக்க வேணும்.” எடுப்பித்தேன். “ஐயோ, இது மங்கலா இருக்கு.” திரும்பவும் எடுப்பித்தேன். பிறகு கையெழுத்து. அக்காவின் அவசரத்தில் கையெழுத்து மாறித்தான் இருந்தது. “பழைய கையெழுத்தோட பொருந்தேல்லை. இன்னொருக்கா வையுங்கோ. இன்னொருக்கா.”

பக்கத்துக் கவுண்டரில் இருந்த நில்மினியைக் கூப்பிட்டு, “நில்மினி, சிஸ்டம் டவுன்தானே?” என்றேன்.

“நெஹெ சேர், சிஸ்டம் ஹொந்தயி” என்றாள் அந்த நேர்மையான பிள்ளை. இல்லை சேர், நன்றாக வேலை செய்கிறது என்று.

நான் கண்ணால் கைப்பையைக் காட்டினேன். பை மறுபடியும் செருமியது. நில்மினியின் புருவம் மேலே போனது. “ஆ… சேர், தென் டவுன்! சம்பூர்ணயென்ம டவுன்!” இப்போது விழுந்துவிட்டது, முழுவதுமாக விழுந்துவிட்டது என்று அந்தக் கிளையே திரும்பிப் பார்க்கும்படி அறிவித்தாள்.

“பாஸ்புக்கைத் தாங்கோ அக்கா, அதுக்கிடையில பிரிண்ட் அடிப்பம்.”

தந்தார். முதல் பக்கத்தில் அன்றைக்கே பூசிய ஈரச் சந்தனம். என் வாழ்க்கையில் முதல்முறையாக அதைக் கண்டு சந்தோசப்பட்டேன். நில்மினி பிரிண்டருக்குள் விட்டாள். கிர்ரென்று இரண்டு தரம் இழுத்துவிட்டு, பிள்ளையார் புண்ணியத்தில், மெசின் நின்றது.

பைக்குள் இருந்து முதலில் மெல்லிய குரல்: “அன்ரி, என்ன சுணக்கம்?”

“மெசின் இறுகிப்போச்சாம் தம்பி.”

“மெசின் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

நான் ஸ்குரூ டிரைவர் தேடினேன். மேசை லாச்சியில் இருந்த ஸ்குரூ டிரைவரை லாச்சியை மூடிவிட்டு வேறு இடங்களில் தேடினேன். கண்ணாடியைத் துடைத்தேன். பிளேன்டீ சொன்னேன். “இன்னும் ஒரேயொரு கையெழுத்து அக்கா.”

அந்தக் கையெழுத்தும் பிழைத்தது. அதற்குமேல் பையால் பொறுக்க முடியவில்லை.

“கிழட்டு எருமை! ஒரு கையெழுத்து வைக்கத் தெரியாதோ உனக்கு? காலையில இருந்து உன்னோட மாரடிக்கிறன்!”

பைக்குள் இருந்து வந்த அந்தக் குரல் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

அக்கா போனை மெதுவாக வெளியே எடுத்தார். பிறகு வாய்க்கு நேரே பிடித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

“தம்பி, இந்த மனுசனும் என்னை ஏசுறவர்தான். ஆனா எருமை எண்டு ஒருநாளும் சொன்னதில்லை.”

“போனை வெட்டுங்கோ அக்கா” என்றேன். வெட்டினார். போன் திரும்பத் திரும்ப அடித்து மேசையில் துள்ளியது. நில்மினி அதை வாங்கி, ஒரு பச்சைமிளகாய்ச் சிங்கள வசனம் சொல்லிவிட்டு நிற்பாட்டினாள். அதை மொழிபெயர்க்க மாட்டேன்.

எஃப்.டி. தப்பியது. ஆனால் காலையிலேயே கார்ட் இலக்கத்தையும் போனுக்கு வந்த ரகசிய இலக்கத்தையும் அக்கா வாசித்துக் கொடுத்திருந்தார். சேமிப்புக் கணக்கில் கிடந்த கொஞ்சம் அதற்குள் போயிருந்தது. உடனே கார்ட்டை நிறுத்தி, ஒன்லைன் வழியையும் பூட்டி, பொலிசில் முறைப்பாடு கொடுக்கவும் கூடப் போனேன்.

4. அக்கா சொன்ன காரணம்

பிளேன்டீ ஆறிப்போய் இருந்தது. அக்கா குடிக்கவில்லை. “வெக்கமாக் கிடக்கு தம்பி. படிச்ச நான். மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“நீங்கள் ஏன் வெக்கப்படுறியள்? அவனுக்கு இதுதான் முழுநேர வேலை. எனக்கே போன மாதம் பார்சல் வந்திருக்கெண்டு மெசேஜ் வந்து, அதில இருந்த லிங்கை அமத்திப்போட்டன். நான் பார்சலே ஓடர் பண்ணேல்லை. அந்தப் போஸ்டரை ஒட்டினதும் நான்தான்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். “அவன் எடுத்த உடனே என்ன கேட்டவன் தெரியுமோ? ‘அன்ரி, சாப்பிட்டிட்டியளோ?’ எண்டு. வடிவான தமிழில. இவர் போனதுக்குப் பிறகு என்னை ஆரும் அப்பிடிக் கேக்கேல்லை. உங்கட பாங்கில இருந்து எடுத்தால் சிங்களத்தில கதைப்பினம், இல்லாட்டி இங்கிலிசில. தமிழில கதைக்கிறது நீங்கள் ஒருத்தர்தான். நீங்களும் ஏசத்தான் கதைப்பியள்.”

நான் எழும்பிப் போய் தீயணைப்புக் கருவியை நகர்த்தி வைத்தேன். அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான்.

பிள்ளைகளே, பயிற்சி வகுப்பில் உங்களுக்கு நிறையச் சொல்லித் தருவார்கள். நான் கண்டது கொஞ்சம்தான். உண்மையான வங்கி ரகசிய இலக்கத்தைக் கேட்காது, காசைப் ‘பாதுகாப்பான கணக்குக்கு’ மாற்றச் சொல்லாது, வீட்டாருக்கு ஒளிக்கச் சொல்லாது. கள்ளனுக்குப் பொறுக்க முடியாத ஒன்று சுணக்கம். ஆகவே போனை வைத்துவிட்டு, கார்ட்டின் பின்பக்கத்தில் இருக்கும் இலக்கத்துக்குத் தாங்களாகவே போன் எடுக்கும்படி வாடிக்கையாளர்களிடம் சொல்லுங்கள். அக்காவிடமும் அதையே சொன்னேன். ரகசிய இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பதறி வருபவரை ஏன் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். முதலில் கார்ட்டை நிறுத்துங்கள். கேள்வியைப் பிறகும் கேட்கலாம், கேட்காமலும் விடலாம்.

அடுத்த மாதம் அக்கா வந்தார். பாஸ்புக்கில் சந்தனம். நான் ஏசாமல் பஞ்சால் துடைத்து நில்மினியிடம் கொடுத்தேன். பிறகு, திருந்திய மனிதனாக, என்னால் இயன்ற அளவு இனிமையாகக் கேட்டேன்:

“சாப்பிட்டியளோ அக்கா?”

அக்கா ஒரு அடி பின்னால் போனார். கைப்பையின் சிப்பை இழுத்து மூடினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் கேக்கிறியள்?” என்றார். “கொஞ்சம் பொறுங்கோ, கார்ட்டுக்குப் பின்னால இருக்கிற நம்பருக்கு ஒருக்கா எடுத்துப் பாத்திட்டுச் சொல்லுறன்.”